அக்காட்டக் கேளுங்கோ: ரோமாபுரிக் காதலும் கதிரைச் சண்டையும்

கேள்வி (வெள்ளவத்தை வாசகி): அக்கா, நான் கோட்டையில வேலை. போக வர 100ஆம் நம்பர் பஸ்ஸில ரோமாபுரி நாவல்தான் வாசிக்கிறனான், சீசர், ராணிமார், நஞ்சு, காதல் எண்டு ஒண்டும் குறைவில்லை. இவர் "எங்கட ராசாக்கள் எல்லாம் முடிஞ்சு போச்சினமோ, உனக்கேன் அவையின்ட படுக்கையறைக் கதை" எண்டு பகிடி பண்ணுறார். உண்மையில அங்க காதல் எண்டு ஒண்டு இருந்ததோ, இல்லாட்டி எழுதுறவை கட்டிவிடுறதோ?

பதில்: எங்கட ராசாக்களும் சம்பந்தம் பேசித்தான் கனக்க இடம் பிடிச்சவை எண்டு அவருக்குச் சொல்லுங்கோ தங்கச்சி. ரோமில பெரிய வீடுகளில கலியாணம் எண்டா அரசியல்தான், சீதனத்தோட சேர்த்து ஆதரவும் கைமாறும். சீசர் தன்ட மகள் ஜூலியாவை கி.மு. 59இல தளபதி பொம்பேயுஸுக்குக் கட்டிக் குடுத்தவர், மாப்பிள்ளைக்கு மாமனை விட 6 வயசு கூட! ஆனா பாருங்கோ, அந்தாள் பெட்டையில உயிரையே வச்சு, வேலையை விட்டிட்டு வீட்டோட கிடக்கிறார் எண்டு ஊர் கதைக்கிற அளவுக்குப் போச்சுது. கி.மு. 54இல அவ பிள்ளைப்பேறில செத்துப்போக, 5 வருசத்தில மாமனும் மருமகனும் எதிரெதிரா நிண்டு உள்நாட்டு யுத்தம். அவ இருந்திருந்தா நடந்திருக்காதோ எண்டு கேட்டுத்தான் நாவல்காரர் உள்ளுக்க வாறவை.

எனக்குக் கேட்டா ரோம்ல நல்ல காதல் கதை எல்லாம் விவாகரத்திலதான் இருக்கு. பிறகு பேரரசரா வந்த ரைபீரியஸை எடுங்கோ. மனுசி விப்சானியா, அவவில நல்ல பட்சம், ஒரு மகனும் இருக்கு, அடுத்தது வயித்தில. அந்த நேரம் பார்த்து விப்சானியாவின்ட தகப்பன் அக்ரிப்பா கி.மு. 12இல செத்துப்போறார், அவர் கட்டியிருந்தது பேரரசர் ஓகஸ்டஸின்ட மகளை, அவவின்ட பேரும் ஜூலியாதான். விதவை மகளுக்கு உடன ஆள் வேணும். "அவளை விடு, இவளைக் கட்டு" எண்டு ஓகஸ்டஸ் சொல்ல ரைபீரியஸால மாட்டன் எண்ட ஏலேல்ல, கட்டினது சொந்த மாமனாரின்ட விதவையை. அதுக்குப் பிறகு ஒருநாள் தற்செயலா விப்சானியாவைக் கண்டிட்டு, கண்ணெல்லாம் நிறைஞ்சு, அவ போற திசையையே பார்த்துக்கொண்டு நிண்டவராம், அவ இனி இவர்ட கண்ணில படக்கூடாது எண்டு மற்றாக்கள் ஒழுங்கு பண்ணிப்போட்டினமாம். ரோம வரலாற்றாசிரியர் சுவேட்டோனியஸ் ரெண்டு வரியிலதான் எழுதி வச்சிருக்கிறார். நான் முதல்தரம் வாசிச்ச அண்டைக்கு பிளேன்ரீ ஆறிப்போய் மேல எறும்பு மிதந்தது, அதையும் கவனிக்கேல்ல. கி.பி. 14இல இந்த மனுசன்தான் அடுத்த பேரரசர், நாவல்களில பெரும்பாலும் கடுகடுத்த கிழவனா வருவார், எனக்கெண்டா அந்தக் கண்ணீர்தான் ஞாபகம் வாறது.

நாவல் நல்லதோ எண்டு பார்க்க என்ட வழி ஒண்டு சொல்லுறன். அந்த வீடுகளில சீமாட்டிக்குக் கொண்டை கட்ட எண்டே ஒரு அடிமைப் பெட்டை நிப்பாள், எல்லா ரகசியமும் அவளின்ட காதில விழும், சொல்ல ஏலாது. அவளுக்கு ஒரு பேரும் ஒரு பயமும் குடுத்து எழுதியிருந்தா வாங்குங்கோ, சும்மா விளக்குப் பிடிக்கிற ஆளா வந்து போனா நான் 50 பக்கத்தோட மூடிப்போடுவன்.

கேள்வி (கொட்டாஞ்சேனை வாசகர்): கிளியோபட்ரா உண்மையில அவ்வளவு வடிவோ?

பதில்: அவ காலத்துக் காசுகளில இருக்கிற முகத்துக்கு நீட்டு மூக்கும் பலமான நாடியும். குரலும் கதையும்தான் ஆளை இழுத்தது, வடிவு அப்பிடி ஒண்டும் ஈடிணை இல்லாததில்லை எண்டு கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க் எழுதினவர், அதுவும் அவ செத்து நூறு வருசத்துக்கும் மேல கழிச்சு. "மயக்குற பொம்பிளை" எண்ட பேர் ஒக்டேவியனுக்கு வசதியான பேர் தம்பி. கி.மு. 32இல அவர் யுத்தம் அறிவிச்சது கிளியோபட்ரா மேல மட்டும், அவவின்ட காதலன், ரோமத் தளபதி மார்க் அன்ரனியின்ட பேரைச் சொல்லேல்ல, சொன்னா ரோமனை ரோமன் வெட்டுறதாப் போயிடுமெல்லோ. இந்த ஒக்டேவியன்தான் பிறகு ஓகஸ்டஸ். ஆனா நான் நாவல் எழுதினா அவரின்ட அக்கா ஒக்டேவியாவைத்தான் எழுதுவன், அன்ரனி கைவிட்ட மனுசி, கடைசியில கிளியோபட்ராவுக்கும் அன்ரனிக்கும் பிறந்த பிள்ளையளையும் தன்ட வீட்டில வச்சு வளர்த்தவ.

கேள்வி (தெஹிவளை வாசகி): எல்லாருக்கும் ஜூலியா, அன்ரோனியா எண்டு ஒரே பேர். எனக்கு விசர் பிடிக்குது.

பதில்: எனக்கும்தான். பொம்பிளைப் பிள்ளையளுக்குத் தகப்பன்ட குலப்பேரை வச்சுவிட்டா அதோட சரி. ஒக்டேவியாவுக்கும் அன்ரனிக்கும் ரெண்டு பெட்டையள், ரெண்டும் அன்ரோனியா, மூத்தவ இளையவ எண்டுதான் பிரிக்கிறது. முன் அட்டைக்கு உள்பக்கம் பென்சிலால வம்சக் கொடி கீறி வையுங்கோ, இரவல் புத்தகமெண்டா துண்டுப் பேப்பரில.

கேள்வி (அதே வாசகி): எங்கட தீவுக்கும் அவைக்கும் ஏதும் தொடர்பு இருந்ததோ?

பதில்: இருந்தது. பேரரசர் கிளோடியஸ் காலத்தில கப்பலில போன ஒரு ரோம ஆள் காத்தில அள்ளுப்பட்டு இஞ்ச வந்து சேர்ந்ததா ரோம எழுத்தாளர் பிளினி எழுதியிருக்கிறார். அவன்ட வெள்ளிக் காசுகளில வேற வேற அரசரின்ட தலை, ஆனா நிறை எல்லாம் ஒண்டு, அதைப் பார்த்து எங்கட ராசாவுக்கு அவையில நம்பிக்கை வந்து 4 தூதுவரை ரோமுக்கு அனுப்பினவராம். அந்த நாலு பேரில ஒருத்தருக்கு அங்க காதல் வந்ததோ எண்டு ஒருத்தரும் இன்னும் எழுதேல்ல, ஆருக்கும் விருப்பமெண்டா எழுதுங்கோ, முதல் ஆளா நான் வாங்குறன்.