தமிழில் நிறைய அடிப்பவர் கையாலேயே வயரிங் செய்து ஸ்ப்ளிட் மெக்கானிக்கல் கீபோர்டு (இரண்டு பாதியாகப் பிரிந்த, விசைக்கொரு தனி சுவிட்ச் வைத்த கீபோர்டு) கட்டுவது வீண்வேலையா? கிட் வாங்கினால் போதாதா? தமிழ் எழுத்து அச்சிட்ட கீகேப் (விசை மூடி) கிடைக்குமா?

ஆங்கிலம் மட்டும் அடிப்பவர் என்றால், பாகங்களைச் சேர்த்து விற்கும் கிட் வாங்கினாலே போதும். இதற்கு மேல் படிக்க வேண்டாம். தமிழ்99 என்ற விசைப்பலகை அமைப்பில் அடிப்பவர் என்றால் அந்த ‘வீண்வேலை’யைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டியிருக்கிறது.

நீங்கள் மணிக்கணக்கில் தமிழ் அடிக்கிறவர், மணிக்கட்டு முனக ஆரம்பித்திருக்கிறது, நாலு வீடியோ பார்த்துவிட்டு இங்கே வந்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். நானும் அந்த வழியாக வந்தவன்தான். மெய்ப்புத் திருத்துவதும் கையெழுத்துப் பிரதிகளைக் கணினியில் ஏற்றுவதும்தான் என் பிழைப்பு. கீபோர்டை இரண்டாகப் பிரித்தால் வலி போய்விடும் என்று நான் சொல்லவில்லை, நான் டாக்டர் இல்லை. கையைக் குறுக்கிக்கொண்டு உட்காராமல் தோள் அகலத்துக்கு விரித்து வைத்து அடிப்பது எனக்குச் சுகமாக இருக்கிறது, அவ்வளவுதான்.

கட்டுவதற்கு முன்னால் நண்பர் ஒருவரிடம் கார்னே என்ற கிட்டை வாங்கி அடித்துப் பார்த்தேன். மொத்தம் 42 விசை. ஒரு கைக்கு 6 நெடுவரிசை, 3 கிடைவரிசை, கட்டைவிரலுக்கு 3 விசை. ஆங்கிலத்துக்குக் குறை சொல்ல முடியாது. தமிழுக்கு மாறியதும்தான் சிக்கல். தமிழ்99, 1999இல் சென்னையில் நடந்த தமிழ்இணையம் மாநாட்டையொட்டித் தமிழக அரசு ஏற்றுக்கொண்ட அமைப்பு. உயிரெல்லாம் இடக்கையில், வ, ங தவிர மெய்யெல்லாம் வலக்கையில். சாதாரண கீபோர்டில் வலது மூலையில் இரண்டு சதுர அடைப்புக்குறி விசைகள் இருக்கின்றன இல்லையா, அங்கேதான் ச-வும் ஞ-வும் உட்கார்ந்திருக்கின்றன. கார்னேயில் அந்த மூலையில் இருப்பது ஒரே ஒரு விசை. அதிலும் பேக்ஸ்பேஸை வைத்துத் தருகிறார்கள்.

லேயரில் வைத்துக்கொள்ளலாமே என்று ஒருவர் உடனே வருவார். கட்டைவிரலால் ஒன்றை அழுத்திக்கொண்டே இன்னொன்றைத் தட்டுவது. அடைப்புக்குறிக்கு அது சரி, எப்போதாவது வருவது. ச அப்படியா? கொஞ்சம், மஞ்சள், பஞ்சாயத்து, அஞ்சல் என்று நாலு வரி அடித்துப் பாருங்கள். தமிழ்99இல் ஞ-வை அடுத்து ச அடித்தால் புள்ளி தானாக விழும், அதுதான் அந்த அமைப்பின் அழகே. அந்த இரண்டையும் கொண்டுபோய் லேயருக்குள் ஒளித்துவைத்துவிட்டு என்ன வேகம் வேண்டிக்கிடக்கிறது?

பெரிய ஸ்ப்ளிட் கீபோர்டுகளில் இடம் இருக்கிறது, மறுக்கவில்லை. இறக்குமதி விலை, சுங்கவரி எல்லாம் கட்டுப்படியானால் தாராளமாக வாங்குங்கள். ஆங்கில எழுத்தில் ஒலிப்படி தட்டும் ஃபோனெடிக்கில் அடிப்பவர்களுக்கும் இந்தப் பிரச்சினை கிடையாது. அவர்கள் சண்டைக்கு வர வேண்டாம்.

கையால் வயரிங் செய்தால் சர்க்யூட் போர்டு கிடையாது. அதனால் இரண்டு பாதியும் ஒன்றுபோல இருக்க வேண்டும் என்ற கட்டாயமும் கிடையாது. என் இடது பாதியில் 6 நெடுவரிசை, வலது பாதியில் 7. கூடுதலாக வந்தது உள்பக்கம், க-வுக்கு இடப்புறம். அங்கே ஞ-வை வைத்தேன். ச மூலையிலேயே இருக்கிறது. இப்போது ‘கொஞ்சம்’ அடிக்கும்போது ஞ ஆள்காட்டி விரலுக்கு, ச சுண்டுவிரலுக்கு. முன்பு இரண்டுமே சுண்டுவிரல் தலையில்தான் விழுந்துகொண்டிருந்தன. வேறு கீபோர்டில் உட்கார்ந்தால் விரல் தடுமாறாதா என்றால், தடுமாறும். இருந்துவிட்டுப் போகட்டும்.

கீபோர்டுக்குள்ளேயே ஓடும் கியூஎம்கே என்ற இலவச மென்பொருளில்தான் இதெல்லாம். கீபோர்டு தமிழை அனுப்புவதில்லை, விசையின் எண்ணை மட்டும் அனுப்புகிறது, தமிழாக்குவது கணினியின் வேலை. ஆகவே ஞ வேண்டிய இடத்தில் வலது சதுர அடைப்புக்குறியின் குறியீட்டை எழுதினால் போதும். இரண்டு பாதிக்கும் 7 நெடுவரிசை என்றே அறிவித்துவிட்டு, இடது பாதியில் இல்லாத நெடுவரிசைக்குக் கட்டுப்பாட்டு போர்டில் ‘பின்’ (இணைப்புக் கால்) கிடையாது என்று குறிப்பிட்டேன்.

இனி வேலைக்கு வருவோம். பெயர்ப்பலகை செய்யும் கடைகளில் லேசர் கட்டிங் இருக்கும். சுவிட்சுகளை மாட்டும் தட்டை 3 மில்லிமீட்டர் அக்ரிலிக்கில் வெட்டித் தருவார்கள். சுவிட்சுக்கு 14 மில்லிமீட்டர் சதுர ஓட்டை, ஒரு விசையின் நடுவிலிருந்து அடுத்ததன் நடுவுக்கு 19.05 மில்லிமீட்டர். லேசரே விளிம்பில் கொஞ்சம் தின்றுவிடும். சின்னத் துண்டு ஒன்றில் நாலைந்து அளவில் ஓட்டை போட்டுப் பார்த்துவிட்டு முழுத்தட்டைக் கொடுங்கள். சுவிட்சின் கொக்கி 1.5 மில்லிமீட்டர் தகட்டுக்கு என்று செய்தது, 3 மில்லிமீட்டரில் மாட்டாது. மூலைகளில் ஹாட் க்ளூ வைத்தால் அசையாது.

ஒவ்வொரு விசைக்கும் ஒரு கம்பி இழுப்பதில்லை. குறுக்கும் நெடுக்குமாக வலைதான். என் வலது பாதியில் 25 விசை, கட்டைவிரல் வரிசையையும் சேர்த்து 4 கிடைவரிசை, 7 நெடுவரிசை, ஆக 11 பின் போதும். ஆனால் ஒவ்வொரு சுவிட்சுக்கும் ஒரு டயோடு, அதாவது மின்சாரத்தை ஒரே திசையில் மட்டும் விடும் சின்னப் பாகம், வேண்டும். இல்லாவிட்டால் ப, ம, ற மூன்றையும் ஒருசேர அழுத்தினால் அழுத்தாத ன-வும் வந்து நிற்கும், மின்சாரம் சுற்றுவழியில் புகுந்துவிடுவதால். 1என்4148 என்று கேளுங்கள், சென்னை ரிச்சி தெருவில் எந்த எலக்ட்ரானிக்ஸ் கடையிலும் கிடைக்கும்.

எனக்குப் பிடித்த கட்டம் இதுதான். டயோடின் ஒரு காலை சுவிட்ச் காலில் ஒரு சுற்றுச் சுற்றிப் பற்றவைக்க வேண்டும். கருப்புக் கோடு உள்ள மறுகாலைப் பக்கவாட்டில் மடக்கினால் அது பக்கத்து டயோடின் காலைத் தொடும். அங்கே ஒரு சொட்டு ஈயம், அப்படியே அடுத்ததற்கு. கடைசியில் டயோடுகளின் கால்களே சேர்ந்து கிடைவரிசைக் கம்பியாகிவிடும். கருப்புக் கோடெல்லாம் ஒரே பக்கம் பார்க்க வேண்டும். ஒன்று மட்டும் திரும்பியிருந்தால் அந்த விசை பேசாது. எல்லாமே திரும்பியிருந்தால் கவலையில்லை, மென்பொருளில் திசையை மாற்றிக்கொள்ளலாம்.

நெடுவரிசைக்குப் பழைய லேன் கேபிளை உரித்து உள்ளிருக்கும் ஒற்றைச் செம்புக் கம்பியை எடுத்தேன். சுவிட்ச் கால் வரும் இடத்தில் மட்டும் பிளேடால் தோலை நீக்கிவிட்டு மற்ற இடத்தில் அப்படியே விட வேண்டும், கீழே ஓடும் டயோடு காலைத் தொட்டுவிடக் கூடாது. சூட்டுக்கோலை ஒரே இடத்தில் இரண்டு மூன்று நொடிக்கு மேல் வைத்தால் சுவிட்சின் பிளாஸ்டிக் இளகிக் கால் சாய்ந்துவிடும்.

விசை அழுத்தத்தைப் படித்துக் கணினிக்கு அனுப்பும் கட்டுப்பாட்டு போர்டுக்கு எல்லோரும் புரோ மைக்ரோ என்பார்கள். அதன் மைக்ரோ யூஎஸ்பி வாய் இழுத்தால் கையோடு வந்துவிடும். அதே அளவில் யூஎஸ்பி சி வைத்த, ஆர்பி2040 சிப் உள்ள போர்டுகள் இருக்கின்றன, அதை வாங்குங்கள். பாதிக்கு ஒன்றாக இரண்டு வேண்டும். இரண்டுக்கும் நடுவே மூன்று கம்பி: மின்சாரம், கிரவுண்டு, தகவல். வழக்கமாக டிஆர்ஆர்எஸ் கேபிள் (ஹெட்போன் முனை மாதிரி வளையங்கள் உள்ளது) போடுவார்கள். யூஎஸ்பியைப் பிடுங்காமல் அந்தக் கேபிளில் கை வைக்காதீர்கள். செருகும்போது முனை ஒவ்வொரு வளையத்தையும் உரசிக்கொண்டு போகும், அந்த ஒரு கணத்தில் ஷார்ட் ஆகி போர்டு போய்விடலாம்.

இவ்வளவு மெனக்கெடுகிறாயே, உன் தொழிலில் அதற்கு மதிப்பு உண்டா என்று கேட்டால், அது தனிக்கதை. யூனிகோடில் சுத்தமாக அடித்துக் கொடுத்த கோப்பை, “நம்ம பேஜ் லேஅவுட் பண்றவருக்கு அது வராது சார், பழைய ஃபாண்டுல மாத்திக் கொடுங்க” என்று திருப்பி அனுப்புகிற பதிப்பகம் இன்னும் இருக்கிறது. மாற்றியில் போட்டால் கிரந்த எழுத்தும் மேற்கோள் குறியும் எங்கெங்கோ உடையும், மறுபடி முதலிலிருந்து படிக்க வேண்டும். அதற்குத் தனிக்காசு கிடையாது. பக்கக் கணக்கில் கூலி, அதுவும் புத்தகக் கண்காட்சி முடிந்த பிறகு. இதைப் பேச ஆரம்பித்தால் கேள்வி மறந்துவிடும், விடுங்கள்.

வாய்ஸ் டைப்பிங் இருக்கும்போது கீபோர்டு எதற்கு என்று எழுதப்போகிறவர்களுக்கு: மெய்ப்பு என்பது ஒற்று மிகுமா மிகாதா என்று எழுத்தெழுத்தாகப் பார்க்கிற வேலை. வாயால் சொல்லிச் செய்து பாருங்கள்.

கீகேப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். தமிழ்99 அச்சிட்ட கீகேப் செட் நான் தேடியவரை கண்ணில் படவில்லை. ஸ்டிக்கர் ஒட்டலாம், வியர்வையில் உரியும். எழுத்தில்லாத வெற்றுக் கேப்பே போட்டுக்கொள்ளுங்கள். வாங்கும்போது விரல் தடவித் தெரிந்துகொள்ள மேடு வைத்த இரண்டு கேப் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். ஒன்று புள்ளி விசைக்கு, இன்னொன்று ப-வுக்கு.