அவர் வர மறுத்தால் முதலில் நீங்கள் போங்கள்

கேள்வி: என் கணவருக்கு 47 வயது. சிங்கப்பூரில் பல வருடம் வேலை பார்த்துவிட்டு ஊரோடு வந்துவிட்டார். காரைக்குடியில் போட்ட கடை ஓடவில்லை, மூடிவிட்டோம். ஆறு மாதமாக ராத்திரி தூங்குவதில்லை, யாரிடமும் பேசுவதில்லை, சொந்தக்காரர் விசேஷத்துக்கும் வருவதில்லை. 'நான் இல்லாட்டி நீங்க நிம்மதியா இருப்பீங்க' என்று ஒருநாள் சொன்னார். மாமியார் குன்றக்குடி முருகனுக்கு நேர்ந்துகொண்டிருக்கிறார். தங்கை கவுன்சலிங் கூட்டிப்போகச் சொல்கிறாள். இவரோ 'நான் என்ன பைத்தியமா?' என்கிறார். அங்கே போனால் என்னதான் செய்வார்கள்? மகளுக்கு வரன் பார்க்கும் நேரம். ஊருக்குத் தெரிந்தால் என்ன ஆவது? (பள்ளத்தூர் வாசகி)

பதில்: நீங்கள் கேட்டிருப்பது கவுன்சலிங்கைப் பற்றி. ஆனால் நடுவில் ஒரு வரியைச் சொல்லிவிட்டு வேகமாகக் கடந்துவிட்டீர்கள். 'நான் இல்லாட்டி' என்று அவர் சொன்னது. முதலில் அதைப் பேசிவிடுவோம்.

அதை ஏதோ விரக்தியில் வந்த பேச்சு என்று விட்டுவிடாதீர்கள். இன்றே, வீட்டில் மற்றவர்கள் இல்லாத நேரம் பார்த்து நேராகக் கேளுங்கள்: "அன்னைக்கு அப்படிச் சொன்னீங்களே, செத்துப்போயிடலாம்னு தோணுதா?" இப்படிக் கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே கிளப்பிவிடுவோமோ என்று பலரும் பயப்படுகிறார்கள். கேட்பதால் அந்த எண்ணம் வருவதில்லை. மனசுக்குள் வைத்துக்கொண்டு தவிப்பவருக்குச் சொல்ல ஒரு ஆள் கிடைக்கிறது, அவ்வளவுதான். அவர் 'ஆமாம்' என்றால் தனியாக விடாதீர்கள். பூச்சிமருந்து, தூக்க மாத்திரை போன்றவை வீட்டில் இருந்தால் அப்புறப்படுத்துங்கள். அன்றைக்கே மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள். 14416 என்ற எண் மத்திய அரசின் டெலி மானஸ் என்ற மனநல தொலைபேசி உதவிச் சேவை. 2022 அக்டோபரில் தொடங்கியது. கட்டணம் இல்லை, எந்த நேரமும் பேசலாம், தமிழிலேயே பேசலாம். பாதிக்கப்பட்டவர்தான் கூப்பிட வேண்டும் என்று இல்லை, நீங்களும் கூப்பிடலாம்.

சரி, கவுன்சலிங்கில் என்ன நடக்கும்?

பெரும்பாலானவர்கள் நினைப்பது, அங்கே ஒருவர் உட்கார்ந்து புத்தி சொல்வார் என்று. உங்கள் கணவருக்கு இந்த ஆறு மாதத்தில் புத்தி சொல்லாதவர்களே இருக்க மாட்டார்கள். 'கடைதானே போச்சு, உயிரா போச்சு', 'நாலு பேரோட பழகுங்க'. அதனால் தூக்கம் வந்ததா? வரவில்லை. இன்னும் ஒருவர் அதையே காசு வாங்கிக்கொண்டு சொல்வதற்கு அவர் வரவேண்டிய அவசியம் இல்லை.

முதல் சந்திப்பு முக்கால் மணியிலிருந்து ஒரு மணி நேரம் போகும். பெரும்பாலும் கேள்விகளும், அவர் சொல்வதைக் காதுகொடுத்துக் கேட்பதும்தான். தூக்கம், பசி, குடிப்பழக்கம், கடன், குடும்பத்தில் யாருக்காவது இப்படி இருந்ததா, சாகத் தோன்றுகிறதா, இத்தனையும் கேட்பார்கள். அப்புறம் என்ன மாறவேண்டும் என்று அவரையே சொல்ல வைப்பார்கள். 'பழையபடி ஆகணும்' என்றால் அதை உடைத்து உடைத்துக் கேட்பார்கள். பழையபடி என்றால் எது? ராத்திரித் தூக்கமா, தெருவில் தலைநிமிர்ந்து நடப்பதா, மகளிடம் பேசுவதா?

அடுத்தடுத்த சந்திப்புகளில்தான் உண்மையான வேலை. கடையை மூடியவருக்கு வெட்கம் வருகிறது. வெட்கத்தில் வெளியே போவதில்லை. போகாததால் நாலு பேரும் பேசுவதில்லை. யாரும் பேசாததை 'என்னை யாரும் மதிக்கலை' என்பதற்குச் சாட்சியாக எடுத்துக்கொள்கிறார். பகலெல்லாம் படுத்தே கிடப்பதால் ராத்திரித் தூக்கம் போகிறது. தூங்காத மனசுக்கு எல்லாமே இன்னும் இருட்டாகத் தெரிகிறது. இந்தச் சுற்றை அவரே பார்க்கும்படி எடுத்து வைத்து, எங்கே அறுக்கலாம் என்று இருவரும் சேர்ந்து தேடுவார்கள். முதல் வாரத்தில், காலை ஆறு மணிக்கு ஊருணி வரைக்கும் நடந்துவிட்டு வருவது மட்டுமே வேலையாக இருக்கலாம். மனசு தெளிந்தபிறகு வேலை செய்வோம் என்று காத்திருந்தால் அது தெளிவதில்லை. சின்னதாகச் செய்ய ஆரம்பித்தால் மனசு பின்னால் வரும். மனச்சோர்வுக்கு இது நன்கு சோதித்துப் பார்க்கப்பட்ட வழி. 'கடை போச்சு, நானும் போனேன்' என்ற கணக்கையும் உட்கார்ந்து சரிபார்ப்பார்கள். கடை போனது நிஜம். அத்தனை வருடம் அங்கே உழைத்து அனுப்பியதில் குடும்பம் நின்றதும் நிஜம்தான். அதை அவர் வாயாலேயே சொல்ல வைப்பதற்குச் சில வாரங்கள்கூட ஆகும்.

பேச்சு மட்டுமே போதுமா என்றால், இவருக்குப் போதாமல் போகலாம். ஆறு மாதமாகத் தூக்கம் இல்லை, ஆள் ஒதுங்கியிருக்கிறார், சாவைப் பற்றிப் பேசியிருக்கிறார். அதனால் மனநல மருத்துவர் ஒருவர் பார்க்க வேண்டும். மருந்து எழுதுவது அவர் வேலை, கவுன்சலர் எழுத முடியாது. தைராய்டு, சர்க்கரை, வைட்டமின் பி12 பரிசோதனையும் செய்துவிடுங்கள், அவற்றாலும் இப்படிச் சோர்வு வரும். மனச்சோர்வு மாத்திரை வேலை செய்ய இரண்டு முதல் நான்கு வாரம் எடுக்கும். நாலு நாளில் 'ஒன்றும் கேட்கலை' என்று நிறுத்திவிடக் கூடாது. சரியானபிறகும் டாக்டர் சொல்லாமல் நிறுத்தக் கூடாது. சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது, செலவில்லாமல் பார்க்கலாம்.

எப்படிக் கூட்டிப் போவது? 'மனசு சரியில்லை' என்று தொடங்காமல் தூக்கத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். "ராத்திரியெல்லாம் முழிச்சுக் கிடக்கிறீங்க, அதுக்காக ஒரு தடவை காட்டிட்டு வருவோம்." அது உண்மையும்கூட. ஆனால் கண் டாக்டரிடம் போகிறோம் என்று பொய் சொல்லி அழைத்துப்போய் இறக்காதீர்கள். வாசலிலேயே நம்பிக்கை போய்விடும், அப்புறம் யாரையும் நம்ப மாட்டார்.

அதற்கும் மசியவில்லையா? நீங்கள் போங்கள். இதைத்தான் நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். நோயாளி வந்தால்தான் கவுன்சலிங் என்று இல்லை. இந்த ஆறு மாதமாக வீட்டையும் மகளையும் மாமியாரையும் தாங்கிக்கொண்டு, அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு இருப்பது நீங்கள். உங்களுக்கும் தூக்கம் போயிருக்கும். அவரிடம் எதைப் பேசுவது, எதற்குச் சண்டை போடாமல் இருப்பது, அவசரம் வந்தால் என்ன செய்வது என்று அங்கே உங்களுக்குத் திட்டம் கிடைக்கும். மனைவி நாலு தடவை போய்வந்தபிறகு 'அங்க என்னதான் பேசுறே?' என்று கணவர் தானே கேட்பதும் உண்டு.

ஊர்ப்பேச்சு பற்றிய பயம் நியாயமானது. யார் எந்தப் படியேறினார்கள் என்பது சாயங்காலத்துக்குள் தெரிந்துவிடும் ஊர்கள்தான் நம்முடையவை. மதுரைக்கோ திருச்சிக்கோ போகலாம், வீடியோ காலிலும் பேசலாம். 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டப்படி சிகிச்சை விவரத்தை வெளியே விடக் கூடாது. உயிருக்கு ஆபத்து, நீதிமன்ற உத்தரவு போன்ற சில நிலைமைகளில்தான் விலக்கு. அந்த விலக்குகள் எவை என்று முதல் நாளே கேட்டுக்கொள்ளுங்கள். வரன் பேச்சைப் பற்றி ஒன்று சொல்கிறேன். அப்பா சிகிச்சை எடுத்துத் தெளிந்து வந்து மணமேடை அருகே நிற்பதைவிட மகளுக்கு என்ன பெருமை வேண்டும்?

போர்டு வைத்தவர் எல்லோரையும் நம்பிவிடாதீர்கள். மருத்துவ உளவியலாளர் என்றால் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு இருக்க வேண்டும், எண்ணைக் கேளுங்கள், தப்பில்லை. ஒரே அமர்வில் குணமாக்குகிறேன் என்பவரையும், மருந்தைத் தூக்கி எறியச் சொல்பவரையும் விட்டு விலகுங்கள்.

மாமியாரின் நேர்த்திக்கடனைத் தடுக்க வேண்டாம். முடிந்தால் உங்கள் கணவரையும் குன்றக்குடிக்குச் சேர்த்தே கூட்டிப் போங்கள், மலைப்படி ஏறி இறங்குவதும் அவருக்கு நல்லதே. மந்திரிக்கிறோம், கட்டிவைக்கிறோம் என்று யாராவது கிளம்பினால் மட்டும் விடாதீர்கள். 2001 ஆகஸ்டில் ஏர்வாடியில் சங்கிலியால் கட்டிவைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் கருகினார்கள். இதே ராமநாதபுரச் சீமையில் நடந்தது அது.

கடைசியாக, முதலில் பார்க்கும் கவுன்சலரிடம் அவருக்கு மனசு ஒட்டாமல் போகலாம். மூன்று நான்கு அமர்வுக்குப் பிறகும் அப்படியே இருந்தால் அவரிடமே வெளிப்படையாகச் சொல்லி வேறொருவரைக் கேளுங்கள். நல்ல கவுன்சலர் கோபித்துக்கொள்ள மாட்டார், அவரே ஒருவரைச் சொல்லி அனுப்புவார்.