1947-க்குப் பிறகு எங்கிருந்து தொடங்குவது?

மதிப்பிற்குரிய ஐயா,

பள்ளியில் நான் படித்த வரலாறு 1947 ஆகஸ்ட் 15-உடன் முடிந்துவிட்டது. இப்போது அதற்குப் பிந்தைய வரலாற்றைப் படிக்கத் தொடங்கியிருக்கிறேன். பிரதமர்கள், போர்கள், தேர்தல்கள் என எல்லாம் டெல்லியிலேயே நடக்கின்றன. இதில் என் நாடு எனக்குத் தென்படவில்லை. வேறு எப்படிப் படிப்பது?

ஒரு வாசகர், கோத்தகிரி

அன்புள்ள நண்பருக்கு,

டெல்லியை விட்டுவிட்டு இந்த வரலாற்றைப் படிக்க முடியாது. ஆனால், அங்கே இடப்பட்ட கையெழுத்து எந்த ஊரில் போய் இறங்கியது என்று கேட்டுக்கொண்டே படிக்கலாம். 1964 அக்டோபரில் நம் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் செய்துகொண்ட ஒப்பந்தத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நேருவின் மறைவுக்கும் 1965 போருக்கும் இடையில், பொது வரலாற்று நூல்கள் சில வரிகளில் கடந்துபோகும் செய்தி அது. இலங்கையின் 1948-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களாகிப்போன மலையகத் தமிழர், அதாவது ஆங்கிலேயர் காலத்தில் தோட்ட வேலைக்காக இங்கிருந்து போனவர்களும் அவர்கள் வழிவந்தவர்களும், 9,75,000 பேர் என்று கணக்கிட்டு, 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பது என்றும், மிச்சமுள்ள 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசுவது என்றும் முடிவாயிற்று. மனிதர்களைப் பாகப்பிரிவினைச் சொத்தைப்போலப் பங்கிட்ட இந்த ஒப்பந்தத்தை என்னால் இன்றும் அமைதியாகப் படிக்க முடிவதில்லை.

அப்படி இந்தியா ஏற்றவர்களில் பலர்தாம் இலங்கையின் தலைமன்னாரில் கப்பலேறி, இராமேசுவரத்தில் இறங்கி, மண்டபம் முகாம் வழியாக உங்கள் நீலகிரி மலைக்கு வந்தார்கள். அவர்களுக்கு வேலை கொடுப்பதற்காகவே 1968-இல் அரசுத் தேயிலைத் தோட்டம் தொடங்கப்பட்டு, 1976-இல் டான்டீ என்னும் தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகமாயிற்று.

இங்கிருந்து கேள்விகள் கிளைக்கும். தோட்டம் போட்ட நிலம் அதற்கு முன் காடாக இருந்ததென்றால், அந்தக் காட்டை நம்பியிருந்த பழங்குடிகள் என்ன ஆனார்கள்? கூடலூர்ப் பக்கம் போனால், நிலம்பூர் கோவிலகம் என்னும் மலபார் அரச குடும்பத்தின் ஜன்ம உரிமையை (பரம்பரை நில உரிமையை) ஒழித்த 1969-ஆம் ஆண்டுச் சட்டமும், ‘செக்‌ஷன் 17 நிலம்’ என்று இன்றும் பேசப்படும், அச்சட்டத்தின் 17-ஆம் பிரிவின் கீழ் வரும் குத்தகை நிலங்களைப் பற்றிய தீராத வழக்கும் குறுக்கே வரும். உங்கள் வீட்டில் பச்சைத் தேயிலை பறிப்பவர்கள் இருந்தால், 1991-இல் சோவியத் ஒன்றியம் உடைந்ததைத் தனியே படியுங்கள். நம் தேயிலையைப் பெருமளவில் வாங்கிய நாடு அது.

தோட்டத் தொழிலாளர்களின் வரிசைக் குடியிருப்புகளான லயன் வீடுகளில் அந்தக் கப்பலில் வந்த முதியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களைப் பார்க்கப் போகுமுன் 1964 ஒப்பந்தத்தையும், மிச்சம் வைக்கப்பட்ட 1,50,000 பேரைச் சரிபாதியாகப் பிரித்த 1974 ஒப்பந்தத்தையும் படித்துவிட்டுப் போங்கள். அப்போதுதான், ஒரே வீட்டில் அண்ணன் இங்கேயும் தம்பி அங்கேயும் ஆனது எப்படி என்று அவர்களிடம் கேட்க உங்களுக்குத் தெரியும்.