ஹேங் ஆகும் டெஸ்டுகள்: கேள்வி பதில்

கேள்வி: எங்கள் பில்டு இரவில் ஓடுகிறது. காலையில் வந்து பார்த்தால் வெற்றி என்றும் இல்லை, தோல்வி என்றும் இல்லை. ஏதோ ஒரு டெஸ்டில் ஹேங் ஆகி (முடியாமல் மாட்டிக்கொண்டு), கடைசியில் பில்டைத் தானாக ஓட்டும் சேவையான கிட்ஹப் ஆக்‌ஷன்ஸே அதை ரத்து செய்திருக்கிறது. எங்கிருந்து தொடங்குவது?

பதில்: கிட்ஹப் ஆக்‌ஷன்ஸில் நீங்கள் எதுவும் குறிப்பிடாவிட்டால் ஒரு ஜாபுக்கு 360 நிமிடங்கள், அதாவது ஆறு மணி நேரம், வரம்பாக இருக்கும். வழக்கமாக 12 நிமிடத்தில் முடியும் பில்டுக்கு 25 நிமிடம் என்று எழுதிவையுங்கள். மெஷின் நேரம் வீணாவது இன்றே குறையும். ஆனால் எந்த டெஸ்ட் மாட்டிக்கொண்டது என்பதை அந்த வரம்பு சொல்லாது. அதற்கு ஒவ்வொரு டெஸ்டுக்கும் தனி வரம்பு வேண்டும். பைத்தானின் டெஸ்ட் கருவியான பைடெஸ்டில் அது தானாக வருவதில்லை. பைடெஸ்ட்-டைம்அவுட் என்ற பிளகினை நிறுவி, எல்லா டெஸ்டுக்கும் பொதுவாக 60 விநாடி என்று கான்ஃபிக் ஃபைலில் ஒரு வரி சேர்த்தால் போதும். கோ மொழியில் ஒரு பேக்கேஜின் டெஸ்டுகள் அனைத்துக்கும் சேர்த்து 10 நிமிட வரம்பு முதலிலிருந்தே உண்டு; அதைத் தாண்டினால், கோரூட்டின்கள் (ஒரே நேரத்தில் ஓடும் வேலைகள்) எந்தெந்த வரியில் நின்றன என்பதை முழுவதும் அச்சிட்டுவிட்டுத்தான் நிரல் நிற்கும். எல்லா மொழிகளிலும் இந்த வசதி இப்படியே இருந்திருக்க வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

கேள்வி: ஜாவாஸ்கிரிப்ட் டெஸ்ட் கருவியான ஜெஸ்டில் 5 விநாடி வரம்பு ஏற்கெனவே இருக்கிறது. இருந்தும், வைல் லூப் (நிபந்தனை உண்மையாக உள்ளவரை சுற்றும் கட்டளை) முடிவில்லாமல் சுற்றிய ஒரு டெஸ்ட் அரை மணி நேரம் ஓடியது. வரம்பு ஏன் வேலை செய்யவில்லை?

பதில்: உங்கள் டெஸ்டும் அந்த வரம்பைக் கவனிக்கும் டைமரும் ஒரே த்ரெட்டில் (ஒரு நேரத்தில் ஒரு வேலையையே செய்யும் இழையில்) ஓடுகின்றன. ஐந்து விநாடி ஆயிற்று என்று சொல்ல வேண்டிய டைமர் ஈவென்ட் லூப்பில் (வேலைகள் வரிசையாகக் காத்திருக்கும் இடத்தில்) தன் முறைக்காகக் காத்திருக்கிறது. உங்கள் வைல் லூப் வழிவிட்டால்தானே அதற்கு முறை வரும்? அவெயிட்டில் (பதில் வரும்வரை மற்றவற்றுக்கு வழிவிட்டு) காத்திருக்கும் டெஸ்டை அந்த வரம்பு பிடித்துவிடும், ஓயாமல் சுற்றும் டெஸ்டைப் பிடிக்காது. ஆகவே காவல் அந்த பிராசஸுக்கு (ஓடிக்கொண்டிருக்கும் நிரலுக்கு) வெளியே நிற்க வேண்டும். லினக்ஸில் டைம்அவுட் என்ற பெயரிலேயே ஒரு கட்டளை இருக்கிறது. அது முதலில் ‘முடித்துக்கொள்’ என்று கேட்கும் டெர்ம் சிக்னலை அனுப்பும். உங்கள் நிரல் அந்த சிக்னலுக்கு ஹேண்ட்லர் (சிக்னல் வந்தால் ஓடும் பகுதி) வைத்திருந்தால் அதுவும் அதே வரிசையில் மாட்டிக்கொள்ளும் என்பதால், பத்து விநாடி கழித்து, நிரலால் மறுக்க முடியாத கில் சிக்னலையும் அனுப்பும்படி சேர்த்தே கொடுத்துவிடுங்கள். டெர்மிலேயே நின்றால் எக்ஸிட் கோடு (முடியும்போது கிடைக்கும் எண்) 124, கில் வரை போனால் 137.

கேள்வி: ஜாவா டெஸ்ட் கருவியான ஜேயூனிட் 5-இல் அசர்ட்டைம்அவுட் என்ற நேர வரம்பு போட்டும் டெஸ்ட் நிற்கவில்லை.

பதில்: அது வேலை முடிந்த பிறகே எவ்வளவு நேரம் ஆயிற்று என்று பார்க்கிறது, முடியாத வேலைக்கு அது உதவாது. அசர்ட்டைம்அவுட்ப்ரியெம்ப்டிவ்லி என்பது வேறொரு த்ரெட்டில் ஓட்டி, நேரம் கடந்ததும் தோல்வி என்று அறிவித்துவிடும். ஜாவா ஃபிரேம்வொர்க்கான ஸ்பிரிங் பயன்படுத்தினால் மட்டும் கவனம் தேவை: டேட்டாபேஸ் மாற்றங்களை ஒரே தொகுப்பாக்கும் டிரான்ஸாக்‌ஷன் பழைய த்ரெட்டோடு கட்டப்பட்டிருப்பதால், டெஸ்ட் டேட்டாபேஸில் எழுதியது ரோல்பேக் ஆகாமல் (பழைய நிலைக்குத் திரும்பாமல்) தங்கிவிடக்கூடும்.

கேள்வி: பைத்தானில் உண்மையான சர்வரோடு ஓட்டினால் டெஸ்ட் முடிகிறது; மாக் (உண்மையானதற்குப் பதில் நிற்கும் போலிப் பொருள்) போட்டால் முடிவதே இல்லை.

பதில்: இதே இடத்தில் நான் இரண்டு நாள் தொலைத்திருக்கிறேன். உங்கள் நிரல் ‘அடுத்த பக்கம் உண்டா’ என்று கேட்டுக் கேட்டு லூப் ஓட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த மெத்தடுக்கு மேஜிக்மாக் (பைத்தானின் ஒரு மாக் வகை) எதைத் திருப்பித் தருகிறது? இன்னொரு மேஜிக்மாக்கை. நிபந்தனையில் பைத்தான் அதை ட்ரூ என்றே எடுத்துக்கொள்ளும். ஆகவே அடுத்த பக்கம் எப்போதும் உண்டு. மாக் ஒவ்வொரு அழைப்பையும் பதிவு செய்து வைப்பதால் மெமரியும் ஏறிக்கொண்டே போகும். சிபியு உச்சத்தில் இருக்க, மெமரி சீராக ஏறினால் முதலில் மாக்கைச் சந்தேகியுங்கள். ஒரே மதிப்பைத் தரச் சொல்லாமல், மாக்கின் சைடு எஃபெக்ட் என்ற அமைப்பில் ட்ரூ, ட்ரூ, ஃபால்ஸ் என்று பட்டியலாகக் கொடுங்கள். நான்காம் முறை கேட்டால் அது ஸ்டாப்இட்டரேஷன் என்ற பிழையை எறியும். ஹேங் ஆக வேண்டிய டெஸ்ட் தெளிவான பிழையோடு விழுந்துவிடும். ‘30 விநாடி வரை மீண்டும் முயல்’ என்ற வகை நிரலில் ஸ்லீப்பை (காத்திருக்கும் கட்டளையை) மாக் செய்து, கடிகாரத்தையும் உறையவைத்தால் கதை இதேதான்: அந்த 30 விநாடி வரவே வராது. அங்கே முயற்சிகளின் எண்ணிக்கைக்கும் ஓர் உச்சவரம்பு வையுங்கள்.

கேள்வி: முடிவில்லா லூப் என்பது புதிதாகக் கற்பவர்கள் செய்யும் தவறுதானே? அனுபவமுள்ள குழுவுக்கு இத்தனை காவல் தேவையா?

பதில்: தேவை. 2008 டிசம்பர் 31 அன்று மைக்ரோசாஃப்டின் 30 ஜிபி சூன் என்ற பாட்டுக் கேட்கும் சாதனங்கள் உலகெங்கும் ஒரே நாளில் உறைந்துபோயின. காரணம், நாட்களின் எண்ணிக்கையை ஆண்டாக மாற்றும் ஒரு சின்ன வைல் லூப். நாட்கள் 365-ஐவிட அதிகமாக இருக்கும்வரை அது சுற்றும். சாதாரண ஆண்டென்றால் 365-ஐக் கழிக்கும். லீப் ஆண்டென்றால், 366-ஐவிட அதிகமாக இருந்தால் மட்டும் 366-ஐக் கழிக்கும். லீப் ஆண்டின் கடைசி நாளில் மீதி சரியாக 366. கழிக்கவும் வழியில்லை, வெளியேறவும் வழியில்லை. 1980-இலிருந்து எண்ணும் அந்த ஃபங்க்‌ஷனை ஒவ்வொரு நாளுக்கும் ஒரு முறை ஓட்டிப் பார்க்கும் டெஸ்ட் இருந்திருந்தால், 1980 டிசம்பர் 31-லேயே அது நின்றிருக்கும். நின்ற டெஸ்டை ‘மெஷின் மெதுவாக இருக்கிறது’ என்று மீண்டும் ஓட்டாமல், ஒரு பிழை அகப்பட்டுவிட்டது என்று எடுத்துக்கொள்ள வேண்டும் என நான் வற்புறுத்துவது இதனால்தான்.

கேள்வி: லூப் முடியுமா, முடியாதா என்பதை ஓட்டாமலேயே சொல்லும் கருவி உண்டா?

பதில்: எல்லா நிரலுக்கும் சொல்லக்கூடியது இருக்க முடியாது, கணிதவியலாளர் ஆலன் டூரிங் 1936-இலேயே நிரூபித்துவிட்டார். ஆனால் சில வகைகளை கம்பைலரே காட்டிக்கொடுக்கும். சி மொழியில் 0 முதல் 255 வரை மட்டுமே ஏற்கும் அன்சைன்ட் கேர் ஒன்றை 256-ஐவிடக் குறைவா என்று ஒப்பிட்டால், எக்ஸ்ட்ரா எச்சரிக்கைகளை இயக்கிய ஜிசிசி கம்பைலர் ‘இது எப்போதும் உண்மை’ என்று எச்சரிக்கும்.

கேள்வி: விண்டோஸில் ஒரு டெஸ்ட் பைடெஸ்ட்-டைம்அவுட்டின் வரம்பைத் தாண்டினால், மீதி டெஸ்டுகளும் ஓடாமல் எல்லாமே நின்றுவிடுகிறது.

பதில்: விண்டோஸில் அலாரம் சிக்னல் இல்லாததால் அந்த பிளகின் த்ரெட் முறைக்கு மாறுகிறது, அம்முறையில் எல்லா த்ரெட்டின் ஸ்டாக்கையும் (எந்த வரியில் நின்றது என்ற விவரத்தையும்) அச்சிட்டுவிட்டு பிராசஸையே முடித்துவிடும். டெஸ்டுகளைப் பல பிராசஸ்களுக்கு (வொர்க்கர்களுக்கு) பகிர்ந்து ஓட்டும் எக்ஸ்டிஸ்ட் பிளகினோடு இரண்டு வொர்க்கர் வைத்து ஓட்டுங்கள். விழுந்த வொர்க்கருக்குப் பதில் புதியது எழும். அந்த ஒரு டெஸ்ட் மட்டும் தோல்வியாகப் பதிவாகி, மற்றவை தொடரும்.