ஆபரேஷன் பண்ணியும் வெயிட் திரும்ப ஏறுதே, என்ன பண்றது?

கேள்வி: மேடம், எனக்கு 44 வயசு. நாலு வருஷம் முன்னாடி எடை குறைய இரைப்பையைச் சின்னதாக்குற ஸ்லீவ் ஆபரேஷன் பண்ணிக்கிட்டேன், அப்ப 112 கிலோ. ஒன்றரை வருஷத்துல 71க்கு வந்தேன், பார்த்தவங்க எல்லாம் கண்ணு வச்சாங்க. இப்ப 83. காலைல ரெண்டு இட்லிக்கு மேல இறங்கவே மாட்டேங்குது, ஆனா வெயிட் மட்டும் ஏறிக்கிட்டே இருக்கு. வயிறு பழையபடி பெருசாயிடுச்சா? அஞ்சு நாள் வெறும் தண்ணி ஆகாரமா இருந்தா வயிறு சுருங்கி ரீசெட் ஆகும்னு வீடியோல சொல்றாங்க, செய்யலாமா? சர்ஜன்கிட்ட போக கூச்சமா இருக்கு, இவ்ளோ செலவு பண்ணியும் இப்படியானு வீட்லயே சொல்லிக் காட்றாங்க.
– பெயர் வேண்டாம், திருச்சி

பதில்: முதல்ல கணக்கைப் பாருங்கம்மா. குறைஞ்சது 41 கிலோ, திரும்பினது 12, அப்போ 29 கிலோ இன்னும் உங்களை விட்டுப் போனது போனதுதான், அதாவது பழைய எடைல கால்வாசிக்கு மேல. ஸ்வீடன்ல 1987ல ஆரம்பிச்சு பல வருஷம் பின்தொடர்ந்த ஒரு பெரிய ஆய்வு இருக்கு, அதுல பைபாஸ் (இதயத்துக்கு பண்றது இல்ல, இரைப்பையைச் சின்னதாக்கி குடலோட இணைக்கிற எடை குறைப்பு ஆபரேஷன்) பண்ணினவங்க ஒண்ணு ரெண்டு வருஷத்துல சராசரியா 32 சதவீதம் குறைஞ்சாங்க, பத்தாவது வருஷம் அது 25 சதவீதமா நின்னுச்சு. ஸ்லீவ் வேற ஆபரேஷன்தான், ஆனா கொஞ்சம் திரும்புறதுங்கறது ரெண்டுக்கும் பொது. இதை வீட்ல சொல்லிக் காட்றவங்ககிட்டயும் படிச்சுக் காட்டுங்க.

ஏன் திரும்புதுன்னா, ஸ்லீவ்ல இரைப்பைல முக்கால்வாசிக்கு மேல எடுத்துடறாங்க, பசியைத் தூண்டுற கிரெலின் ஹார்மோன் பெரும்பாலும் அந்த எடுத்த பகுதில இருந்துதான் சுரக்கும், அதனாலதான் முதல் வருஷம் பசியே தெரியல. அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா பசி எட்டிப் பார்க்கும், இளைச்ச உடம்பு செலவு பண்ற கலோரியும் குறைவு. இதுக்கு மேல 44 வயசு, மாதவிடாய் நிக்கப் போற நேரம்.

ஆனா ரெண்டு இட்லிலயே வயிறு நிறையுதுன்னு நீங்களே எழுதியிருக்கீங்க பாருங்க, அப்போ ஸ்லீவ் அதோட வேலையை செய்யுதுன்னுதான் தோணுது. நான் கேட்க நினைக்கிறது இட்லிக்கு அப்புறம் என்ன நடக்குதுங்கறதை. பதினோரு மணிக்கு சர்க்கரை போட்ட காபி, ரெண்டு ரஸ்க், சாயங்காலம் டிவி முன்னாடி ஒரு கை மிக்சர், பாப்பா மிச்சம் வச்ச பிஸ்கட்... இதெல்லாம் சாப்பாடுன்னே கணக்குல வராது, ஆனா 50 கிராம் மிக்சர்ல மட்டும் சுமார் 250 கலோரி. வாயில போட்டதும் கரையுற பொருள் குட்டி வயித்துல தங்காது, வழுக்கிட்டு இறங்கிடும், கொஞ்ச நேரத்துல அடுத்த கை உள்ள போகும். நம்ம ஊர்ல இதுக்கு சரியான உதாரணம் ரசம் சாதமும் குழைஞ்ச மோர் சாதமும்தான். ஒரு கரண்டி கோழிக்கறியை மென்னு சாப்பிட்டா போதும்னு சொல்ற வயிறு, ரசம் சாதத்துல ஒரு கிண்ணத்தைக் கேக்காம வாங்கிக்கும். (ரசத்துமேல எனக்கு ஒரு கோபமும் இல்ல, தனியா குடிங்க, ஆனா சாப்பாட்டோட வேணாம்.)

அதனால தட்டுல வரிசையை மாத்துங்க. முட்டையோ மீனோ பனீரோ சுண்டலோ முதல்ல, அப்புறம் காய், இடம் இருந்தா கடைசியா சோறு. ஒரு நாளைக்கு 60 கிராம் புரோட்டீன் குறைஞ்சபட்சம்னு வச்சுக்கங்க: மூணு முட்டை, 100 கிராம் மீன், 50 கிராம் பனீர், ஒரு கப் சுண்டல், கிட்டத்தட்ட வந்துடும். தண்ணியை சாப்பாட்டோட குடிக்காம, சாப்பிட்டு அரை மணி கழிச்சு குடிங்க. நடுவுல பசிச்சா நேரம் வச்சு தட்டுல போட்டு உக்கார்ந்து சாப்பிடுங்க, டப்பால கைவிடறதுதான் கூடாது. நடக்கிறதோட வாரத்துல ரெண்டு மூணு நாள் வெயிட் தூக்குற மாதிரி உடற்பயிற்சியும் வேணும், இல்லன்னா குறையும்போது தசையும் சேர்ந்து போயிடும்.

அந்த அஞ்சு நாள் ரீசெட் வேணவே வேணாம். ஆபரேஷன் முடிஞ்சதும் உங்களுக்கு திரவ உணவு கொடுத்தது உள்ள புண்ணு ஆறுறதுக்கு, வயித்தை சுருக்கறதுக்குன்னு இல்ல. அஞ்சு நாள்ல இறங்கறதுல பெரும்பங்கு தண்ணி, ஆறாவது நாள் தோசையோட அதுவும் திரும்பிடும்.

சர்ஜன்கிட்ட கண்டிப்பா போங்க. இது அவங்க அடிக்கடி பார்க்கிற விஷயம். தைராய்டு, சர்க்கரை, பி12, இரும்புச்சத்து, வைட்டமின் டி பார்க்கச் சொல்லுங்க, நீங்க சாப்பிடற எல்லா மாத்திரையும் எடுத்துட்டுப் போங்க, ஏன்னா ஸ்டீராய்டு, இன்சுலின், மனநலத்துக்கும் தூக்கத்துக்கும் கொடுக்கிற சில மாத்திரைங்க எடையை ஏத்தும். நெஞ்செரிச்சல், புளிச்ச ஏப்பம் இருந்தா மறக்காம சொல்லுங்க, அது இருந்தா எண்டோஸ்கோபி பார்த்து, தேவைப்பட்டா ஸ்லீவை பைபாஸா மாத்தறதைப் பத்தி பேசுவாங்க. 71 வரணும்னு இப்பவே நினைக்காதீங்க, ஏறுறது நிக்கட்டும், பாக்கியை அப்புறம் பேசலாம்.

கேள்வி: எனக்கு பைபாஸ் பண்ணி ஆறு வருஷம், ஒன்பது கிலோ திரும்ப ஏறிடுச்சு. இப்ப வந்திருக்கிற ஊசி போட்டா குறையும்னு ஃப்ரெண்ட் சொல்றான், நேரா மருந்துக்கடைல வாங்கிப் போட்டுக்கலாமா? வாரக் கடைசில ரெண்டு பெக் பழக்கம் உண்டு.
– ஒரு வாசகர், மதுரை

பதில்: நீங்களா வாங்கிப் போடாதீங்க. உங்க ஃப்ரெண்ட் சொல்ற மாதிரி எடை குறைக்கிற ஊசிகள்ல மவுஞ்சாரோ 2025 மார்ச்ல, வெகோவி அதே வருஷம் ஜூன்ல நம்ம நாட்டுக்கு வந்துச்சு, ரெண்டுமே டாக்டர் சீட்டு இருந்தாதான் வாங்கணும். ஆபரேஷனுக்கு அப்புறம் எடை திரும்பினவங்களுக்கு இதை டாக்டர்ங்க கொடுக்கத்தான் செய்யறாங்க, பலன் இருக்கு. ஆனா நிறுத்தினா பெரும்பாலும் எடை திரும்பும். பைபாஸ்ல சத்து உறிஞ்சறதே குறைவு, ஊசியால சாப்பாடும் குறைஞ்சா புரோட்டீன், பி12 எல்லாம் இன்னும் கீழ போகும். கணைய அழற்சி வந்திருந்தாலோ, குடும்பத்துல தைராய்டு கேன்சர் இருந்தாலோ, சர்க்கரைக்கு இன்சுலின் போட்டாலோ முதல்லயே சொல்லணும். அப்புறம் அந்த ரெண்டு பெக். பைபாஸ் ஆன உடம்புல சரக்கு வேகமா ரத்தத்துல ஏறும், ஆபரேஷனுக்கு முன்னாடி குடிச்ச அதே அளவு இப்ப அதைவிட அதிகமா வேலை செய்யும், பழக்கமாயிடற ஆபத்தும் கூடுது. பக்கத்துல தொட்டுக்க வைக்கிற வறுத்த கடலையும் சிப்ஸும் தனிக் கணக்கு. டாக்டர்கிட்ட போறப்போ ஊசியைக் கேக்கறதுக்கு முன்னாடி இந்த வாரக் கடைசி விஷயத்தை மறைக்காம சொல்லுங்க.