மகள் சாப்பிட மறுக்கிறாள்: எங்கே காட்டுவது, செலவுக்கு என்ன வழி?

கேள்வி: என் மகளுக்கு 16 வயது, பிளஸ் ஒன் படிக்கிறாள். உயரம் 158 செ.மீ. ஏழு மாதத்தில் 52 கிலோவிலிருந்து 39 கிலோவுக்கு இறங்கிவிட்டாள். நான்கு மாதமாக மாதவிலக்கு இல்லை. மகளிர் மருத்துவர், வயிற்று மருத்துவர் எல்லாரிடமும் காட்டியாயிற்று. பசி சிரப்பும் டானிக்கும்தான் மிச்சம். தோசையைச் சுருட்டித் துப்பட்டாவுக்குள் மறைக்கிறாள். 'அனோரெக்சியாவாக இருக்கலாம், எடை கூடிவிடும் என்ற பயத்தில் சாப்பாட்டைத் தவிர்க்கும் மனநோய்' என்றார் கடைசியாகப் பார்த்த டாக்டர். கணவருக்கு மில்லில் மாதம் 32,000 ரூபாய் சம்பளம், கம்பெனி இன்சூரன்ஸ் 3 லட்சம். 'மனநோய்க்கெல்லாம் கிளைம் கிடைக்காது' என்கிறார் ஏஜெண்ட். என்ன செய்வது?
- வாசகி, திண்டுக்கல்

பதில்: ஏஜெண்ட் சொன்னது தவறு. அதைப் பிறகு பார்ப்போம். முதலில் மகளின் நாடியைப் பாருங்கள் அம்மா.

நாளைக் காலையில் அவள் கண் விழித்ததும், படுக்கையிலேயே மணிக்கட்டைப் பிடித்து முழுசாக ஒரு நிமிடம் எண்ணுங்கள். 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்க வேண்டாம். 50-க்குக் கீழே இருந்தாலோ, மேல் ரத்த அழுத்தம் 90-க்குக் கீழே போனாலோ, எழுந்து நிற்கும்போது மயங்கினாலோ, உடம்பு சில்லிட்டு வெப்பம் 96 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொடாமல் இருந்தாலோ, மனநல மருத்துவரின் அப்பாயின்ட்மென்டுக்குக் காத்திருக்காதீர்கள். அன்றே திண்டுக்கல் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள். பட்டினியில் இதயத் தசையும் கரைகிறது. பிள்ளை சுறுசுறுப்பாகப் படித்துக்கொண்டிருக்கும்போதே இது நடக்கும்.

நாடி சரியாக இருந்தாலும் இந்த வாரமே ஈ.சி.ஜி., சர்க்கரை, சோடியம், பொட்டாசியம், மக்னீசியம், பாஸ்பேட் பார்த்துவிடுங்கள். வழக்கமான ரத்தப் பரிசோதனையில் பாஸ்பேட் பெரும்பாலும் இருக்காது; பெயர் சொல்லிக் கேளுங்கள். நெடுநாள் பட்டினி கிடந்த உடம்புக்குத் திடீரென்று நிறைய உணவு போனால் பாஸ்பேட் சரசரவென்று இறங்கி இதயத்தையே நிறுத்திவிடக்கூடும். அதனால்தான் முதல் வாரத்தில் எவ்வளவு கொடுப்பது, எப்படிக் கூட்டுவது என்பதை மருத்துவர் முடிவு செய்ய வேண்டும். அதற்காகச் சாப்பாட்டைக் குறைத்தே வைத்திருப்பதும் ஆபத்துதான்.

அடுத்து, எங்கே போவது? சாப்பாட்டுக் கோளாறுக்கென்று தனி மருத்துவமனை தேடி நாளைக் கடத்தாதீர்கள். உங்களுக்குத் தேவை மூன்று பேர்: மனநல மருத்துவர், உடம்பைக் கண்காணிக்கும் குழந்தை நல அல்லது பொது மருத்துவர், குடும்பத்தோடு உட்கார்ந்து வேலை செய்யும் மருத்துவ உளவியலாளர். மாவட்ட மனநலத் திட்டத்தின் மனநல மருத்துவரை உங்கள் ஊரிலேயே பார்க்கலாம். அங்கே போதாவிட்டால் மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனை பக்கம். வேலூர் சி.எம்.சி.யின் பாகாயம் மனநல மையத்தில் சிறார், வளரிளம் பருவத்தினருக்குத் தனிப் பிரிவு உண்டு; சென்னையில் கீழ்ப்பாக்கம் அரசு மனநலக் காப்பகம் இருக்கிறது. எங்கே தொடங்குவது என்று குழப்பமாக இருந்தால் 14416 (டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண்), 24 மணி நேரமும் இலவசம், தமிழிலேயே பேசலாம்.

'கவுன்சலர்' என்ற போர்டை யாரும் மாட்டிக்கொள்ளலாம். மருத்துவ உளவியலாளர் என்றால் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலின் பதிவு எண் இருக்க வேண்டும், தயங்காமல் கேளுங்கள். 'இந்த நோயுள்ள எத்தனை பிள்ளைகளைப் பார்த்திருக்கிறீர்கள்? ஒவ்வொரு முறையும் எடை பார்ப்பீர்களா? பெற்றோரையும் உட்கார வைப்பீர்களா?' என்றும் கேளுங்கள். எடையே பார்க்காமல் பேசிக்கொண்டு மட்டும் இருப்பவர் இந்த நோய்க்கு உதவ மாட்டார்.

இனி பணம். அரசு மருத்துவமனையில் சேர்த்தால் செலவு பெரும்பாலும் போக்குவரத்தும் கூட இருப்பவர் சாப்பாடும்தான். முதலமைச்சர் காப்பீட்டுக்கு ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள், இ.எஸ்.ஐ.க்கு மாதச் சம்பளம் 21,000-க்குள் இருக்க வேண்டும்; உங்கள் கணவருக்கு இரண்டும் பொருந்தாது. எனவே கம்பெனி பாலிசியைத்தான் பிடிக்க வேண்டும்.

2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 21(4) பிரிவு, உடல் நோய்க்குத் தரும் அதே அடிப்படையில் மனநோய்க்கும் காப்பீடு தர வேண்டும் என்கிறது. இச்சட்டம் 2018 மே 29 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஏஜெண்டிடம் வாதாட வேண்டாம். ஹெச்.ஆர். பிரிவில் முழு பாலிசி நகலை வாங்கி, மகள் பெயர் இருக்கிறதா, ஏற்கெனவே உள்ள நோய்க்குக் காத்திருப்புக் காலம் உண்டா என்று பாருங்கள். குழுக் காப்பீட்டில் அதைப் பல நேரம் தள்ளுபடி செய்திருப்பார்கள்.

கிளைம் பெரும்பாலும் அடிபடுவது காகிதத்தில்தான். 'எடைக் குறைவு, பரிசோதனைக்காக அனுமதி' என்று எழுதிவிட்டால், வெறும் பரிசோதனைக்கான அனுமதிக்குப் பணம் இல்லை என்ற விதியைக் காட்டித் தள்ளிவிடுவார்கள். நோயின் பெயர், அதற்கான எஃப்50.0 என்ற சர்வதேச நோய்க் குறியீடு, சேர்த்த காரணம் (நாடி எவ்வளவு, பொட்டாசியம் எவ்வளவு), கொடுத்த சிகிச்சை எல்லாம் இன்சூரன்ஸுக்கு முன்கூட்டியே அனுப்பும் ஒப்புதல் படிவத்திலும் டிஸ்சார்ஜ் சம்மரியிலும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். உள்ளதை உள்ளபடி, எண்களோடு எழுதச் சொல்லுங்கள். சத்து மாவும் வைட்டமினும் அனுமதியாகியிருக்கும்போது மருத்துவர் எழுதிக் கொடுத்ததாக இருந்தால்தான் கணக்கில் வரும்.

நிராகரித்தால் காரணத்தை எழுத்தில் வாங்கி, இன்சூரன்ஸ் கம்பெனியின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுதுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி இல்லை என்றாலோ, ஓராண்டுக்குள் சென்னையிலுள்ள காப்பீட்டுப் புகார்களை விசாரிக்கும் ஆம்புட்ஸ்மேனிடம் போகலாம். கட்டணமும் இல்லை, வக்கீலும் தேவையில்லை.

மகள் 18 வயதுக்கு உட்பட்டவள் என்பதால், மனநலப் பிரிவில் சேர்த்தால் சட்டப்படி நீங்களோ நீங்கள் அமர்த்தும் துணையாளரோ கூடவே இருக்க வேண்டும். பெரியவர்கள் வார்டில் படுக்க வைக்கவும் கூடாது.

இன்சூரன்ஸ் பெரும்பாலும் கை கொடுக்காத இடம் ஒன்று உண்டு, வெளிநோயாளி அமர்வுகள். இந்த வயதுக்கு முதலில் பரிந்துரைக்கப்படும் குடும்ப வழிச் சிகிச்சைக்கு 6 முதல் 12 மாதத்தில் சுமார் 20 அமர்வு ஆகும். அமர்வுக்கு 1,000 ரூபாய் என்றால் 20,000. தொடங்கும் முன்பே கேட்டு ஒதுக்கி வையுங்கள். காணொளியில் நடத்துபவர்களும் உண்டு, பஸ் செலவு மிச்சம்.

அந்தச் சிகிச்சையின் பெரும்பகுதி உங்கள் வீட்டுச் சாப்பாட்டு இடத்தில்தான் நடக்கும். மூன்று வேளைச் சாப்பாடு, இரண்டு மூன்று சிற்றுண்டி. தட்டில் எவ்வளவு என்பதை இப்போதைக்கு அவள் அல்ல, நீங்கள் முடிவு செய்வீர்கள். முடியும்வரை பக்கத்திலேயே உட்காருங்கள். முடிந்த பிறகு ஒரு மணி நேரம் தனியாக விடாதீர்கள். துப்பட்டாவைக் கண்டு திட்டாதீர்கள், அந்தத் தோசைக்குப் பதில் இன்னொன்று வையுங்கள். எடையை வாரம் ஒரு நாள், காலையில் சிறுநீர் கழித்த பிறகு, மெல்லிய உடையில் பாருங்கள்; தண்ணீரை நிறையக் குடித்துவிட்டு ஏறும் பிள்ளைகள் உண்டு. வாரத்துக்கு அரை கிலோ ஏறுவது நல்ல வேகம். நான்கு வாரத்தில் 2 கிலோ அளவுக்குக்கூட ஏறவில்லை என்றால் எடை எழுதிய நோட்டோடு மருத்துவரிடம் போய், சிகிச்சையைத் தீவிரப்படுத்தச் சொல்லுங்கள்.