விசுவாசமும் குரூப் 4 தேர்வும்

கேள்வி: நான் காசிமேட்டைச் சேர்ந்தவள்; அப்பா விசைப்படகில் தொழிலுக்குப் போகிறார். பி.காம். முடித்துவிட்டு, வண்ணாரப்பேட்டையில் ஒரு ஜவுளிக்கடையில் கணக்கு எழுதிக்கொண்டே குரூப் 4 தேர்வுக்குப் படிக்கிறேன். 'இரண்டு ஆண்டில் அரசு வேலை' என்று நோட்டில் எழுதி வைத்திருந்ததைப் பார்த்த சபை மூத்தவர் ஒருவர், 'நாமே திட்டம் போட்டால் தேவசித்தத்துக்கு ஏது இடம்? காத்திருந்து ஜெபம் பண்ணு' என்கிறார். வாலிபர் கூட்டத்துக்கு வந்த பிரசங்கியாரோ நீங்கள் எதிர்பார்க்கும் முடிவைத் தருவேன் என்று கர்த்தர் சொல்லும் எரேமியா 29:11-ஐக் காட்டி, 'வேலை கிடைத்துவிட்டது என்று அறிக்கையிடு, கிடைக்கும்' என்றார். பயிற்சி வகுப்பு வேறு ஞாயிறு காலையில் நடக்கிறது. நான் என்ன செய்யட்டும், ஐயா?

பதில்: மகளே, காத்திருப்பது எப்படி என்று உன் அப்பாவையே கேட்டிருக்கலாம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. ஆனால் அந்நாட்களில் துறைமுகத்துக்குள் நுழைந்தால், படகுக்குப் பலகை மாற்றுகிறவர்களும், இஞ்சினைப் பிரித்துப் போட்டிருக்கிறவர்களும், நிழலில் காலை நீட்டி உட்கார்ந்து, வலையைக் கால் பெருவிரலில் மாட்டி இழுத்துப் பிடித்தபடி, அறுந்த கண்களை ஊசியால் பின்னுகிறவர்களுமாகத்தான் கண்ணில் படுவார்கள். எவ்வளவு மீன் படும் என்பது அவர்கள் கையில் இல்லை. வலையில் ஓட்டை இல்லாமல் பார்த்துக்கொள்வது அவர்கள் கையில் இருக்கிறது. இயேசு அழைத்த நேரத்தில் யாக்கோபும் யோவானும் செய்துகொண்டிருந்ததும் இதே வேலைதான்.

திட்டம் போடுவது அவிசுவாசம் என்றால், பாரசீக ராஜாவிடம் வேலை பார்த்த நெகேமியாவை என்ன செய்வது? எருசலேமின் அலங்கம், அதாவது நகரத்து மதில், இடிந்து கிடக்கிறது என்று கேட்டதும், யூதர்களின் கிஸ்லேவு மாதம் தொடங்கி நிசான் மாதம் வரை, ஏறக்குறைய நான்கு மாதம் அவர் மன்றாடினார். பிறகு ராஜா கேட்டபோது, எத்தனை காலம் விடுப்பு, எந்த அதிபதிகளுக்குக் கடிதம், வாசல்களுக்கு மரம் யாரிடம் வாங்குவது என்பதற்கெல்லாம் அவரிடம் பதில் ஆயத்தமாக இருந்தது. அந்த நான்கு மாதமும் ஜெபம் மட்டுமே நடந்தது என்று நான் நினைக்கவில்லை; கணக்கும் நடந்திருக்கிறது. அலங்கம் 52 நாளில் முடிந்தது. மூத்தவர் மனதில் யாக்கோபு நிருபத்தின் நான்காம் அதிகாரம் இருக்கலாம். அங்கே கண்டிக்கப்படுவது, நாளைய தினம் தன் கைக்குள் இருப்பதுபோல் பேசும் பெருமை. 'ஆண்டவருக்குச் சித்தமானால் இதைச் செய்வோம்' என்று திட்டத்தோடு சேர்த்துச் சொல்லத்தான் யாக்கோபு கற்றுத் தருகிறார்.

பிரசங்கியார் காட்டிய வசனம் பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எழுதிய கடிதத்தில் வருகிறது. அதற்கு முந்தின வசனத்தையும் படித்துப் பார்: ஊர் திரும்ப 70 வருஷம் ஆகும் என்கிறது. அதுவரை வீடு கட்டிக் குடியிருங்கள், தோட்டம் நாட்டுங்கள் என்கிறது அதே கடிதம். (காலண்டரில் அச்சிடுகிறவர்கள் 70-ஐ விட்டுவிடுகிறார்கள்.)

ஆகவே நோட்டைக் கிழிக்காதே, திருத்தி எழுது. அரசு வேலை உன் கையில் இல்லை. லட்சக்கணக்கானோர் எழுதும் தேர்வு அது. 200 கேள்விகளில் தமிழ்ப் பகுதிக்கு 100. அதில் 150-க்கு 60 மதிப்பெண் எடுக்காவிட்டால் மற்றதைத் திருத்தவே மாட்டார்கள். கடை சாத்தி வந்த பிறகு தமிழுக்கு ஒரு மணி நேரம் என்று எழுது. இரண்டு ஆண்டில் கிடைக்காவிட்டால் அடுத்து என்ன என்பதையும், அப்பாவோடு பேசிவிட்டு, இப்போதே எழுதி வை. அந்த வரியை எழுதக் கை நடுங்கினால், அதைத்தான் முதலில் ஜெபத்தில் வைக்க வேண்டும்.

ஞாயிறு விஷயத்துக்கு வாரநாள் வகுப்பையோ மாலை ஆராதனையையோ தேடு. ஒரு வருஷம் முழுக்கச் சபையை விட்டுப் படிப்பதை நான் ஒப்பமாட்டேன்.

கேள்வி: மகனை ஊழியத்துக்குத் தருவதாக, அவன் பிறந்தபோது பொருத்தனை (நேர்ச்சை) பண்ணினோம். அவனோ தண்டையார்பேட்டையில் லேத் பட்டறை வைக்கப் போகிறேன் என்கிறான்.

பதில்: பவுல் கொரிந்துவில் கூடாரம் செய்து பிழைத்தபடிதான் பிரசங்கித்தார் என்பது உங்களுக்குத் தெரியும். சாமுவேலைக் கர்த்தருக்குத் தருவதாக அவன் தாய் அன்னாள் பொருத்தனை பண்ணினாள். ஆனாலும் கர்த்தர் பெயர் சொல்லிக் கூப்பிட்டபோது பதில் சொன்னவன் சாமுவேல்தான். பொருத்தனையைப் பற்றி மகனிடம் ஒருமுறை சொல்லிவிட்டு, பட்டறைத் திறப்பு ஜெபத்துக்குப் போதகரை நீங்களே அழையுங்கள்.